டார்ச்சண்ணனின் குகைகள்

படகு குகையின் வாயை நெருங்கும்போதே டார்ச்சண்ணன் எழுந்து நின்றுவிடுகிறார். எல்லோரையும் போல விளக்கை முன்னால் நீட்டிப் பிடிப்பதில்லை. தொடையோடு ஒட்டி, வெளிச்சம் பயணிகளின் கால்மாட்டில் மட்டும் விழும்படி சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார். குகைக்கு முதுகு, பயணிகளுக்கு முகம். பின்னால் தாழ்ந்து வருகிற பாறை அவருடைய பிடரியைத் தொடப்போகிற அந்த நேரத்தில், திரும்பியே பார்க்காமல் தலையைக் குனிகிறார். "குனிங்க... மெதுவா... பதறாதீங்க, உள்ள எடம் நெறைய இருக்கு" என்கிறார். ரகசியம் சொல்கிற குரல். மோட்டார் சத்தத்தையும் அலைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் எப்படியோ கடைசிப் பலகை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்தக் குரல்தான் அவருடைய குரல். வேறொன்று அவரிடம் இல்லை. பட்டப்பகலில் காய்கறிக் கடையில் நின்றுகொண்டு "கத்திரிக்கா முத்தலா இருக்கே" என்று அவர் கிசுகிசுத்தால், கடைக்காரர் ஏதோ ஊர் விவகாரம் வரப்போகிறது என்று காதைக் கொடுப்பார். பேருந்தில் ஏறினால் நடத்துநரை முந்திக்கொண்டு, "அங்க ஒரு சீட்டு காலி, ஜன்னலோரம்" என்று யாருக்காவது இடம் காட்டுவார். தான் உட்கார மாட்டார். கல்யாண வீடுகளில் பந்தல் வாசலிலேயே நின்றுவிடுவார். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரியாத கல்யாணத்தில்கூட, வந்தவர்களை வரிசை பிரித்து உட்காரவைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

குகைப் படகுக்கு வருவதற்கு முன்பு அவர் ஒரு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர், மீசை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். கடைவீதியின் கோடியில், தகரக் கூரையும் இரண்டு பெரிய மரக்கதவுகளுமாக நின்ற கொட்டகை அது. கதவைத் திறந்தால் உள்ளே கறுப்புத் திரைச்சீலை. அதை விலக்கிக்கொண்டு வருகிறவர்கள் இரண்டடி வைத்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றுவிடுவார்கள். அங்கேதான் டார்ச்சண்ணனின் வேலை ஆரம்பம். வெளிச்சம் அவர்களின் செருப்பு நுனியில் விழும். பிறகு ஒரு சாண் முன்னால் நகரும். செருப்பு அதன் பின்னாலேயே போகும். இப்படியே கன்றுக்குட்டியைக் கூட்டிப்போவது போல நாற்காலி வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு திரும்புவார்.

அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. யார் முகத்திலும் வெளிச்சம் அடிக்கக் கூடாது. "கால் நமக்கு, மூஞ்சி அவங்களுக்கு" என்பார். "இருட்டுல ஒருத்தர் அழுவாங்க, ஒருத்தர் தூங்குவாங்க, ஒருத்தர் பக்கத்துல இருக்குறவங்களப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதெல்லாம் அவங்க சொந்த விஷயம். நாம யாரு அங்க லைட்டடிக்க?"

அந்தக் கொட்டகையிலேயே பெண்கள் வரிசைக்கான கவுண்டரில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெண்ணைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார். இரும்புக் கம்பிக்குப் பின்னால் ஒரு கையும் வளையலும் மட்டும்தான் முதலில் அவருக்குத் தெரியும் என்பார். முகத்தைப் பார்க்க எத்தனையோ நாளாயிற்றாம். "அதான் கையப் பிடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சத்தமில்லாமல் சிரிப்பார். ஊரே டார்ச்சண்ணன் என்று கூப்பிடுகிறவரை வீட்டம்மா மட்டும், "டார்ச்சுமில்ல ஒண்ணுமில்ல, டார்ச்சர்" என்பார்.

இந்தத் தம்பதிக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. படம் ஆரம்பித்து அரைமணி நேரத்துக்குத் தாமதமாக வருகிறவர்களின் கூட்டம் ஓயாது. அதனால் டார்ச்சண்ணன் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வீட்டம்மாவுக்கோ, டிக்கெட் கொடுத்து முடித்ததும் வேலை முடிந்துவிடும். கவுண்டரைப் பூட்டிக்கொண்டு பின்வழியாக உள்ளே வந்து, கடைசி வரிசைக்கும் பின்னால் கிடக்கிற முக்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். இடைவேளைக்கு மணி அடித்தால் எழுந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்; அடுப்பு காத்திருக்கும், பிள்ளை காத்திருக்கும். அதனால் எந்தப் படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் காப்பி ஆறிக்கொண்டிருக்க, சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அந்த அம்மாள் ஆரம்பத்தைச் சொல்வார். கழுவுதொட்டிப் பக்கம் நின்றுகொண்டு இவர் முடிவைச் சொல்வார். ஆளுக்குப் பாதியாக இருவரும் சேர்ந்து முழுப்படம் பார்த்துவிடுவார்கள். பல சமயம், இவர் சொன்ன முடிவு பிடிக்காமல் அந்த அம்மாள் கோபித்துக்கொண்டதும் உண்டு. "அந்தப் பொண்ணச் சாகடிச்சிட்டீங்களா? நான் நேத்து அவ்வளவு நல்லாத்தானே விட்டுட்டு வந்தேன்!"

கொட்டகை ஒருநாள் மூடப்பட்டது. பிறகு இடிக்கப்பட்டது. கூரையைப் பிரித்தபோது டார்ச்சண்ணன் வேடிக்கை பார்க்கப் போனாராம். தனக்கு அத்துப்படியான ஒவ்வொரு வரிசையிலும் வெயில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பேயறைந்தவர் போல வீடு திரும்பினார். அதன்பின் பல மாதங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். ஒருநாள் அவருடைய தம்பி வந்தார். சின்ன வயதில் அண்ணனின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே கொட்டகைக்குள் நுழைந்து ஓசியில் படம் பார்த்தவர். இப்போது ஒரு ஃபைபர் படகு வாங்கி, கரையோரக் குகைகளைச் சுற்றிக்காட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அண்ணே, கொட்டகை போனா என்ன, எங்கிட்டயும் இருட்டு இருக்கு. வந்து பாருங்க" என்றார்.

அப்படித்தான் வந்து சேர்ந்தார். படகு சின்னது. தம்பி பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்ள, நாலைந்து பலகைகளில் பயணிகள் ஈரவாடை அடிக்கிற லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். முனையில் டார்ச்சண்ணன். படகுத்துறையிலிருந்து பாறை மதிலை ஒட்டியே போனால் ஒன்றன்பின் ஒன்றாகக் குகைகள். படகுத்துறைப் பலகையில் அவற்றுக்கு என்னென்னவோ பெயர் எழுதியிருக்கிறது. டார்ச்சண்ணன் அதைப் படித்ததே இல்லை. உயரமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற முதல் குகைக்கு அவர் வைத்த பெயர் பால்கனி. அடுத்தது தாழ்ந்தது, கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அது பெஞ்சு டிக்கெட். பெஞ்சு டிக்கெட்டின் முடிவில் ஓர் இடுக்கு வழி. அதற்குள் நுழைந்து போனால் கடைசிக் குகை. அங்கே கூரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒற்றை வெளிச்சக் கற்றை சாய்ந்து வந்து எதிர்ச் சுவரில் விழும். கொட்டகையில் படம் ஓட்டுகிற அறை ஞாபகத்தில், அது ஆபரேட்டர் ரூம்.

"பேரெல்லாம் மாத்தாதீங்கண்ணே, சனங்க குழம்பிடுவாங்க" என்று தம்பி ஆரம்பத்தில் கெஞ்சிப் பார்த்தார். பிறகு வருகிறவர்களே, "அந்த ஆபரேட்டர் ரூம் போற படகு எது?" என்று விசாரிக்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஆபரேட்டர் ரூமில் மோட்டாரை நிறுத்திவிடுவது வழக்கம். அந்த அமைதியில், கூரையிலிருந்து நீர் சொட்டுவது கேட்கும். படகின் வயிற்றைத் தண்ணீர் தட்டுவது கேட்கும். டார்ச்சண்ணன் விளக்கை அணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். யாரும் பேச மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "போலாமா?" என்று தம்பி கேட்பார். சிலர் வேண்டாம் என்று தலையாட்டுவார்கள். அப்போது டார்ச்சண்ணனின் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். இரண்டாவது வாரமும் கூட்டம் குறையாத படத்தை ஓட்டுகிற முதலாளியின் முகத்தில் வருமே, அது.

சீசன் முடிகிற சமயம் அது. ஒரு பிற்பகல். கடல் காலையிலிருந்தே கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. தம்பி இரண்டு முறை வானத்தைப் பார்த்தார். "ஒரு நடைதான், போயிட்டு வந்துடலாம்" என்று கிளம்பினார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. ஒரு தாயும் அவளுடைய சின்ன மகளும். கழுத்தில் பெரிய கேமராவை மாட்டியிருந்த கனத்த மனிதர் ஒருவர். பால்கனி நன்றாகப் போயிற்று. பெஞ்சு டிக்கெட்டில் கேமராக்காரருக்குக் குனிய முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். ஆபரேட்டர் ரூமுக்குள் போய், வழக்கம்போல் மோட்டாரை நிறுத்தினார்கள்.

முதலில் வெளிச்சம் போயிற்று. மேலே மேகம் மூடியிருக்க வேண்டும். கூரை ஓட்டை சாம்பல் நிறமாகி, கற்றை கரைந்துபோனது. கிளம்பலாம் என்று தம்பி கயிற்றை இழுத்தார். மோட்டார் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி இருமல். அதற்குள் வெளியே அலை உயர ஆரம்பித்துவிட்டது. வந்த இடுக்கு வழியைத் தண்ணீர் வந்து மூடியது, இறங்கியது, மறுபடி வந்து மூடியது. பெரிய விலங்கு ஒன்று வாயைத் திறந்து மூடுவது போலிருந்தது. துடுப்புப் போட்டு வெளியேறவும் வழியில்லை. படகு மெல்லச் சுழன்று சுவரில் இடித்தது.

புதுப் பெண் கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பெண் அழத் தொடங்கினாள். கேமராக்காரர் எழுந்து நின்று, "என்னய்யா இது? யாருக்காவது போன் பண்ணுங்க! செத்துப்போவோம் போலிருக்கே!" என்று கத்தினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

டார்ச்சண்ணன் விளக்கைப் போட்டார். வெளிச்சம் கேமராக்காரரின் காலணியில் விழுந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு வந்தது.

"ஐயா, கரண்டு போயிருக்கு. அவ்வளவுதான். வந்துரும். ஒக்காருங்க."

அந்தக் கிசுகிசுப்பில் என்ன இருந்ததோ, மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகையில் கரண்ட் போகாத நாளா? படத்தின் உச்சக்கட்டத்தில்தான் போகும். விசில் பறக்கும், நாற்காலி உடையும். ஜெனரேட்டரை உசுப்புவதற்குள் கலவரமே வந்துவிடும். அப்போதெல்லாம் டார்ச்சண்ணன் நடைபாதையின் நடுவில் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து மேலே கதையைச் சொல்லுவார். முந்தின ஆட்டத்தில் பார்த்ததுதானே. முன்வரிசை அடங்கும். பின்வரிசை "சத்தமா சொல்லுய்யா" என்று கத்தும். அப்படியே எல்லாம் அடங்கிவிடும்.

இப்போதும் அதைத்தான் செய்தார். விளக்கைப் படகின் தரைப்பக்கம் வைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணுக்குச் சொல்வது போல ஆரம்பித்தார்.

"ஒரு ஆளு. ராத்திரி ரயிலு. யாரும் எறங்காத ஸ்டேஷன். இவன் மட்டும் எறங்கிட்டான். பிளாட்பாரத்துல ஒரு நாயி, ஒரு விளக்கு. ரயிலு போயிருச்சு. கையில ஒரு பொட்டி. அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாது..."

அழுகை விக்கலாகக் குறைந்தது. பின்னால் தம்பி மோட்டாரின் மூடியைக் கழற்றி, எண்ணெய்க் குழாயை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். டார்ச்சண்ணன் கதையை நகர்த்தினார். ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் வந்தாள். மழை வந்தது. இரண்டு முரடர்கள் வந்தார்கள். படகு சுவரில் இடிக்கிறபோதெல்லாம் கதையிலும் யாரையாவது கதவில் இடிக்கவைத்தார். கேமராக்காரரே, "அப்புறம்?" என்று கேட்டார்.

"தாத்தா," என்றாள் சின்னப் பெண். "அவன் ஏன் அந்த ஸ்டேஷன்ல எறங்கினான்?"

டார்ச்சண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார். "அது தெரியாதும்மா. அது ஆரம்பம். ஆரம்பமெல்லாம் எங்க வீட்டம்மாவுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவங்கள ஏன் கூட்டிட்டு வரல?"

அந்த இருட்டிலும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மோட்டார் பிடித்தது.

வெளியேறுவது சுலபமாக இல்லை. தம்பி அலையின் மூச்சைப் பார்த்துக் காத்திருந்தார். "இப்ப!" என்று சொல்லிப் படகை விட்டார். இடுக்கின் நடுவில் அடுத்த அலை தூக்கியது. டார்ச்சண்ணன் முனையில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளாலும் மேல்பாறையைத் தள்ளி, படகைக் கீழேயே அழுத்திப் பிடித்தார். பாறை முழுக்கக் கிளிஞ்சல் முட்கள். வெளிச்சத்துக்கு வந்தபோது அவருடைய வலது உள்ளங்கை கிழிந்து, சட்டைக் கை முழங்கை வரை சிவந்திருந்தது. கரையில் இறங்கியதும் கேமராக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கழுத்தில் கேமரா தொங்கியது. ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு.

கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குள் நுழைந்தவரை வீட்டம்மா மணையில் உட்காரவைத்தார். சோற்றைப் பிசைந்து, கரண்டியைச் சொருகி முன்னால் வைத்தார். தம்பிதான் நடந்ததைச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "நாளையிலேருந்து போக வேண்டாம்."

"கை ஆறினதும்..."

"கை ஆறினாலும் வேண்டாம். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரப் போயி கேக்குறது? கடலையா?"

"அண்ணி சொல்றதுதான்ணே சரி" என்றார் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மாளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. கடற்கரையில் நின்றாலே தலை சுற்றும். படகைப் பார்த்தாலே குமட்டும். கணவர் வேலைக்குப் போன இத்தனை வருடங்களில் படகுத்துறைக்குச் சாப்பாடு கொடுக்கக்கூட வந்ததில்லை, யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அவரைச் சமாதானப்படுத்தி அனுமதி வாங்குவது நடக்கிற காரியமில்லை என்று டார்ச்சண்ணனுக்குத் தெரியும்.  மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார், இந்த முறை உட்கார்ந்துகொண்டு. அப்படி உட்கார்ந்ததுதான் அந்த அம்மாளுக்குப் பயத்தைக் கொடுத்தது. முன்பு கொட்டகை மூடியபோதாவது, நின்றுகொண்டு சுவரைப் பார்த்த மனிதர்.

சில நாட்கள் போயின. ஒரு காலை, காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டவர் தானாகப் பேசினார்.

"அந்தக் குழந்தை கேட்டுச்சு. அவன் ஏன் அந்த ஸ்டேஷன்ல எறங்கினான்னு."

"எந்த ஸ்டேஷன்ல?"

"அதான்... பொட்டியோட எறங்குவானே. நாயி நிக்குமே."

வீட்டம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். யோசிக்கவேயில்லை. "பொட்டி மாறிப்போச்சுல்ல? எதிர் சீட்டுக் கெழவரோட பொட்டிய இவன் எடுத்துட்டான். அவரு முன்னாடி ஸ்டேஷன்லயே எறங்கிட்டாரு. இது தெரிஞ்சதும் பதறியடிச்சு அடுத்த ஸ்டேஷன்ல எறங்குறான். நடந்தே திரும்பிப் போயி குடுக்கலாம்னு. நல்ல பையன்."

"அப்படியா? நல்லவனா அவன்?" டார்ச்சண்ணன் ஆச்சரியப்பட்டார். "நான் அவன் பொட்டியத் திருடிட்டு வர்றான்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். நீ சொன்னது காதுல ஏறல போல."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, காப்பி ஆறுகிற நேரத்தில் அந்த வாசற்படியில் வருகிற சிரிப்பு. "சரி, முடிவச் சொல்லுங்க. கெழவருகிட்ட பொட்டி போயிச் சேந்துச்சா?"

டார்ச்சண்ணன் சொல்லப் போனார். ஸ்டேஷன் மாஸ்டர் மகள் நினைவுக்கு வந்தாள். மழை வந்தது. முரடர்கள் வந்தார்கள். அதற்குமேல் ஒன்றுமில்லை. திரை வெறுமையாக இருந்தது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கட்டுப்போட்ட கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நூறு முறை பார்த்த முடிவு அது.

"மறந்துபோச்சும்மா."

அப்படி ஒரு வார்த்தையை அந்த வாயிலிருந்து அந்த அம்மாள் கேட்டதில்லை. ஏதோ சொல்லிச் சமாளிக்கிற மனிதர்கூட இல்லை அவர். தெரியாத முடிவைச் சொல்ல மாட்டார். முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது.

"எனக்குத் தெரியும்" என்றார் வீட்டம்மா மெதுவாக. "நீங்க சொன்னதுதானே. கெழவரு வீட்டத் தேடிக் கண்டுபிடிச்சுப் போறான். கெழவரு செத்துப்போயிட்டாரு. அந்த ஊருப் பள்ளிக்கூடத்துக்குப் பொட்டியக் குடுத்துடுறான். உள்ள அத்தனையும் புத்தகம். கடைசியில அந்தப் பொண்ணும் அவனும் அதே பிளாட்பாரத்துல நிக்கிறாங்க. ரயிலு வருது. அவன் ஏறல. நீங்க இதச் சொல்றப்ப குரலு கம்மிப்போயி, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. எனக்கு எப்படி மறக்கும்?"

டார்ச்சண்ணன் இப்போதும் அந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மாள் முறத்தை எடுத்தார். புடைக்கவில்லை. சும்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கணவர் தினமும் வந்து சொன்ன குகைகளெல்லாம் அவருக்குத் தெரியும். பால்கனி தெரியும், பெஞ்சு டிக்கெட் தெரியும். ஆனால் எல்லாம் இவர் சொல்லித் தெரிந்தது. இவரிடமிருந்து அவை ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டால், தான் மட்டும் எதை வைத்துக்கொண்டு அவருக்குத் திருப்பிச் சொல்வது?

"நாளைக்குப் படகு இருக்கா?" என்று கேட்டார்.

"தம்பி போறான். ஏன்?"

"நானும் வர்றேன்."

"உனக்குக் கொமட்டுமே!"

"கொமட்டட்டும். வாந்தி எடுத்தா உங்க தம்பி படகுதானே, கழுவட்டும்."

மறுநாள் கடல் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது. அண்ணி படகுத்துறைக்கு வருவதைப் பார்த்த தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருப்பதிலேயே புது லைஃப் ஜாக்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணி, இதுல வாரு இறுக்கிக் கட்டணும்..." "கட்டுங்க தம்பி, மூச்சு விடுறதுக்கு மட்டும் எடம் விட்டுக் கட்டுங்க." அன்றைக்குப் பயணிகள் ஒரு குடும்பம்தான், அப்பா, அம்மா, வயதான ஒரு மாமா. வீட்டம்மா எல்லோருக்கும் முன்னால் ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

படகு நகர்ந்தது. பால்கனி வந்தது. "ஆகா" என்றார் மாமா. வீட்டம்மா கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. டார்ச்சண்ணன் கட்டில்லாத இடது கையில் விளக்கை வைத்துக்கொண்டு முனையில் நின்றார். திறந்து பார் என்று அவர் சொல்லவில்லை. பெஞ்சு டிக்கெட்டில் மட்டும் நடுப்பலகைக்கு வந்து குனிந்து, காதருகே, "தலைய நல்லாக் குனிஞ்சுக்கம்மா... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்" என்றார். அந்த அம்மாள் குனிந்தார். இடுக்கு வழியில் பாறை தலைமுடியை உரசியபோது கணவரின் கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேட்டர் ரூமில் மோட்டார் நின்றது. சொட்டுச் சத்தம் கேட்டது. 

எவ்வளவு நேரம் கண்ணை மூடியபடி இருந்தாரோ. சத்தமில்லாததுதான் அந்த அம்மாளைக் கண்ணைத் திறக்கவைத்திருக்க வேண்டும். மேலே ஓட்டையிலிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் விழுந்து, தண்ணீரின் அசைவோடு சேர்ந்து நடுங்கியது. அலை எங்கோ உடைந்து தெறித்த நீர்த்துளிகள் கற்றைக்குள் மிதந்து மினுங்கின. அந்த அம்மாளின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. இறுகப் பற்றியிருந்த ஒரு கை தளர்ந்தது, பிறகு இன்னொன்று.

"என்னங்க," என்றார். அவருக்கும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "நம்ம கொட்டகைத் தூசிகூட அப்படியே இருக்கு பாருங்க."

 தம்பி, போகலாமா என்று கேட்பதற்கு வாயெடுத்தவர், அண்ணனின் முதுகைப் பார்த்துவிட்டுக் கேட்காமலிருந்தார். அந்தக் குடும்பத்து மாமாவுக்கு எதுவும் புரிந்திருக்காது. அவரும் மேலே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

திரும்பி வருகிற வழியில் அந்த அம்மாள் ஒருமுறை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இது ஒண்ணும் பெரிசில்ல" என்றார். வழியில் தென்பட்ட பாறைகளைப் பற்றியெல்லாம் தம்பியைக் கேள்வி கேட்டுக் குடைந்தார். எந்தக் குகை ஆழம், மழைக்காலத்தில் எது மூடும், மோட்டார் நின்றுபோனால் இப்போது என்ன மாற்று ஏற்பாடு. "ரெண்டாவது மோட்டார் ஒண்ணு வச்சிருக்கேன் அண்ணி, அன்னைக்கே வாங்கிட்டேன்" என்றார் தம்பி. "கடல் முறைச்சா?" "படக அவுக்கவே மாட்டேன். சத்தியமா." "அப்ப சரி" என்றார் அந்த அம்மாள். டார்ச்சண்ணனின் வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது அந்த இரண்டு வார்த்தைகளில்தான்.

படகுத்துறையில் குடும்பம் இறங்கியது. டார்ச்சண்ணன் ஒவ்வொருவருடைய கால்மாட்டையும் பார்த்து, "படி வழுக்கும், படி வழுக்கும்" என்று சொல்லி இறக்கிவிட்டார். அடுத்த நடைக்கான ஆட்கள் மேலே ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் இறங்கிய பிறகும் நடுப்பலகையில் ஒருவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, கரை வந்துருச்சு."

"தெரியுது தம்பி. அந்த மொதக் குகையில கண்ண மூடிட்டேன். இன்னொரு நடை போயிட்டு வந்துடுவோம்." பிறகு கணவரின் பக்கம் பார்த்து, "நடுவுல ஒண்ணும் தெரியல, எல்லாரு தலையும் மறைக்குது. முன்னாடி ஒக்காரலாமா?" என்றார்.

டார்ச்சண்ணன் முன்பலகையைப் பார்த்தார். காலையிலிருந்து படகு கிழித்த தண்ணீர் தெறித்துத் தெறித்து அது ஊறிக் கிடந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து, காயம்பட்ட கையின் மணிக்கட்டால் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துடைத்தார். துண்டைப் பிழிந்தார். மறுபடி துடைத்தார். பிறகு புறங்கையை வைத்து, ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.